கூட்டக் குறிப்பில் சேராதவை

ஸ்கெல்பெக்கில் மொத்தம் நாற்பத்தொரு வீடு.
பதினாறு, வருஷத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும்.
கோடையில் சன்னலுக்கொரு பூந்தொட்டி, வாசலில் நீலக் கார்.
பிறகு கதவோரம் சாவிப்பெட்டி மட்டும்,
நாலு இலக்கம் தெரிந்தவனுக்காகக் காத்துக்கொண்டு.

ஊர்மன்றத்துக்கு நான் எழுத்தர்.
மாதம் பன்னிரண்டு மணி நேரச் சம்பளம்,
ஒரு பழைய மடிக்கணினி,
பொதுக்கூடத்துக் கொதிகலனின் சாவி.

பிப்ரவரி ஒன்பது. பொருள் நான்கு:
டாசன் வயலில் ஏழு வீடு.
வெளியே மழை பக்கவாட்டில் பெய்தது,
இந்த மலையடியில் அதற்கு வேறு விதமாய்ப் பெய்யத் தெரியாது.
முப்பத்திரண்டு பேர், இருபத்தைந்து நாற்காலி.

திட்ட அலுவலகத்திலிருந்து வந்தவள் இமொஜென்.
காலணியில் சேறு. ஊர் முதலில் பார்த்தது அதைத்தான்.
திரை இல்லை, படம் இல்லை.
அட்டையில் வெட்டி ஒட்டிய எங்கள் ஊரை
மேசைப்பந்துப் பலகைமேல் வைத்தாள்.
தேவாலயம் தீப்பெட்டி உயரம்.
ஓடை ஒரு நீல நூல்.
பேருந்து நிறுத்தம்கூட இருந்தது.
பேருந்துதான் இல்லை,
உள்ளது உள்ளபடி.

ராத்போன் எழுந்தார், கக்கத்தில் கோப்பு.
"ஊரின் இயல்பு" என்றார்.
மறுபடியும் என்றார்.
எண்ணினேன், பதினான்கு தடவை.
எழுபத்தாறில் அவர் வீடு எழும்பியபோது
கூடாது என்று கையெழுத்திட்டவர்கள் பட்டியல்
என் அலமாரியில் மூன்றாம் தட்டில் இருக்கிறது.
எழுத்தர் பேசக் கூடாது. பேசவில்லை.
தேநீர் ஊற்றும்போது
அவர் கோப்பைக்குச் சர்க்கரை போட மட்டும் மறந்தேன்.

"களஞ்சியக் கூரையிலிருந்து வௌவால்கள்
வேலிச்செடியை ஒட்டியே ஓடைக்குப் போகின்றன.
மே மாதம் மூன்று அந்தி நின்று எண்ணினேன், அறுபத்து நான்கு.
அதனால் தெருவிளக்கு வேண்டாம்" என்றாள் இமொஜென்.
"அப்ப இருட்டுல விழுந்து இடுப்பொடியறது நாங்கதானா?"
என்றாள் தெல்மா ஹோகார்த், பின்வரிசையிலிருந்து.
கூடம் சிரித்தது.
அவள் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்:
முழங்கால் உயர விளக்கு, தரை பார்த்து.

ஐவர் பிர்கெட் கூட்டத்துக்கு வருவார், பேசமாட்டார்.
அன்று எழுந்து வந்து
ஐந்தாம் வீட்டையும் ஆறாம் வீட்டையும்
விரல் நுனியால் தொட்டார்.
"இங்க புல்லு வேற நிறம்.
ஆடு இங்க படுக்காது."
வெள்ள வரைபடத்தில் அந்த மூலை வெறும் வெள்ளை.
இமொஜென் வரைபடத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.
இரண்டு வீட்டையும் பிய்த்தாள்.
பசை விடவில்லை, அடித்தாள் கொஞ்சம் கிழிந்தது.
களஞ்சியத்துக்குப் பின்னே மேட்டில் வைத்து அழுத்தினாள்.
பழைய இடத்தில் இரண்டு அழுக்குச் சதுரம்.

லோர்னா, பால் லாரி ஓட்டுபவள்,
சீருடையோடு கதவருகே நின்றிருந்தாள்.
பள்ளியில் மிச்சமிருக்கும் பதினேழு பிள்ளைகளில்
இரண்டு அவளுடையவை.
மூவரும் இருப்பது தகப்பன் வயலில் ஒரு கேரவனில்.
கல்லின் நிறம் பற்றி, கூரைச் சாய்வு பற்றி
ஒன்றரை மணி நேரம் பேசி ஓய்ந்த பிறகு
அவள் கேட்டாள்:
"வாடகை எவ்வளவு?"

கொதிகலன் உறுமுவது கேட்டது.
"மூன்று வீடு உள்ளூர்ச் சம்பளத்துக்கு.
கைமாறினாலும் அப்படியே. என்றென்றைக்கும்."
என்றென்றைக்கும் என்று எழுதி அடிக்கோடிட்டேன்.
பத்திரத்தில் அதற்குத்
தொண்ணூற்றொன்பது வருஷம் என்று பெயர்.

பரிந்துரைக்கலாம்: ஐந்து. வேண்டாம்: மூன்று.
ஒருவர் உறங்கினார், வராதவராகக் கணக்கு.
கூட்டம் நிறைவு ஒன்பது நாற்பது.

நாற்காலிகளை அடுக்கிவிட்டு வந்தபோது
ராத்போன் போகவில்லை.
பலகை விளிம்பில் மோவாய் படக் குனிந்து
தன் அட்டை வீட்டின் பின்பக்கமிருந்து
ஒற்றைக் கண்ணை மூடி
மலை இருக்கவேண்டிய திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு சுண்டுவிரலால்
முதல் வீட்டை மெல்லத் திருப்பினார், கடுகளவு.
"இப்படின்னா..." என்றார்,
என்னிடமா மலையிடமா தெரியவில்லை.
தொப்பியை எடுத்துக்கொண்டு மழைக்குள் போனார்.

மணி ஒன்பது ஐம்பத்திரண்டு.
நிறைவுக்குப் பின் நடப்பதைப் பதிய விதி இல்லை.
வீட்டைப் பழையபடி வைக்கவில்லை.
காலையில் பெருக்க வருபவர் கை பட்டுவிடலாம்,
அதனால் பென்சிலால் அதைச் சுற்றி
ஒரு கோடு போட்டுவிட்டு
விளக்கை அணைத்தேன்.