படிக்க இயலாத கையொப்பம்

தம்புச்செட்டித் தெருவில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
எனக்கொரு மேசை, ஒரு ரப்பர் முத்திரை.
பக்கத்துக்கு முந்நூறு. அவசரம் என்றால் ஐந்நூறு.

பத்திரத்தில் உள்ளதெல்லாம் பெயர்க்க வேண்டும்.
வட்ட முத்திரை, ஊதா, பாதி அழிந்தது.
ஸ்டாம்ப் வெண்டர் கிறுக்கிய தேதி.
குண்டூசி துருவேறி ஓர் எழுத்தைத் தின்றிருந்தால்
தின்றிருக்கிறது என்றும் எழுத வேண்டும்.

தில்லைக்கரசி கொண்டுவந்தது
விடுதலைப் பத்திரம். செம்பியம், தொண்ணூற்றாறு.
அண்ணன் மகனுக்கு ஜெர்மனி விசா,
வீட்டுக் காகிதமெல்லாம் இங்கிலீஷில் வேண்டுமாம்.
அண்ணனுக்கு முட்டிவலி, படியேற முடியாது.
அதனால் இவள்.

அன்பையும் பாசத்தையும் முன்னிட்டு
ரொக்கப் பிரதிபலன் ஏதுமின்றி
எவருடைய தூண்டுதலும் இல்லாமல்
முழு மனதுடன்...
வாரத்துக்கு நான்கு முறை வரும் வாக்கியம்.
விரல் தானாகவே அடித்துக்கொண்டு போகும்.
பெயர்தான் மாறும். அநேகமாகப் பெண் பெயர்.

விடுதலை என்கிற இடத்தில் மட்டும்
இன்றைக்கும் ஒரு நொடி நிற்பேன்.
ரிலீஸ் என்று போடுவது வழக்கம்.
ஜெயிலிலிருந்து வருகிறவனுக்கும்
வெள்ளிக்கிழமைப் படத்துக்கும் அதே சொல்தான்.

"நீங்க சீல் வச்சா
இதெல்லாம் நெசம்னு ஆயிடுமா?"

இல்லைம்மா. தமிழில் இருப்பதுதான் இங்கிலீஷிலும் இருக்கிறது,
அவ்வளவுக்குத்தான் நான் பொறுப்பு.
எதிர்ச்சாரி நோட்டரி ஒட்டுகிற சிவப்பு வில்லை
கையெழுத்துப் போட்டது நான்தான் என்பதற்கு.
நாங்கள் இரண்டு பேருமே
உங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை.

சிரித்தாள் என்று சொல்ல முடியாது.
மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, அடியில் விரல் வைத்தாள்.
"இங்க என்ன போட்டிருக்கீங்க?"
கையொப்பம், படிக்க இயலவில்லை.

"என் பேருதான் சார். கை நடுங்கிச்சு.
இது தி. இது தும்பிக்கை வச்ச பழைய லை,
கோடு ஓடிப் போச்சு.
பாருங்க, கடைசி சி நல்லாத்தான் இருக்கு."

பார்த்தேன். ஒருமுறை தெரிந்துவிட்டால்
தெரியவில்லை என்று சான்று கொடுக்க முடியாது.
அந்தப் பக்கத்தை மட்டும் திருத்தி, அச்செடுத்து,
தெருவைக் கடந்தோம்
ஒரு மீன்பாடி வண்டிக்கு வழிவிட்டு.

நோட்டரி நிமிரவில்லை.
முத்திரையை மைப்பெட்டியில் ஒற்றியபடி
"கையெழுத்து யாரோடது?" என்றார்.
கேட்டது என்னைத்தான்.

"என்னுது" என்றாள்.