முன்னெழுத்து

எங்கள் குடும்பப் பெயர் கெர்கல்.
பாலையூற்றில் மூன்று வீடு, மெல்பேர்னில் ஏழு.
ஒல்லாந்தர் கப்பலில் ஒரு சிப்பாய்
கோட்டைக்கு வந்தான், அவன் வழி நாங்கள்.
இவ்வளவுதான் தெரியும்.
மிச்சம் சொல்ல வேண்டிய எங்கள் கோயில் பதிவேடு
சூறாவளிக்குப் பாதி, ஷெல்லுக்குப் பாதி.
அதிலும் தப்பியிருந்தால்
கோட்டை வாசலில் காகிதம் தேடித் தின்னும் மான்கள்
தின்றிருக்கும்.

அவனும் ஒல்லாந்தன் என்றே நினைத்திருந்தோம்,
பழைய சம்பளப் பேரேட்டின் நகலொன்றில்
ஹங்கேரி என்று ஒரு சொல் அகப்படும்வரை.

தம்பி எல்மோ இரும்பு ஒட்டுகிறவன்.
முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக் கேட்டான்:
"அங்க கடல் இருக்கா?"
இல்லை.
"அப்ப வந்தது சரிதான்."
மறுபடி பொறி பறக்கவிட்டான்.

இரண்டு மாரி தேடினேன்.
பகலில் மருந்துக்கடை.
இரவில் கைபேசித் திரையில்
யாரோ படம்பிடித்து வைத்த ஞானஸ்நான ஏடுகள்.
மை ஊறிய லத்தீன்.
ஒரு பாதிரியார் முத்து முத்தாக,
அவருக்குப் பின் வந்தவர் கோழி கிளறினாற்போல.
கொள்ளைநோய் வந்த வருடத்தில்
எழுத்து சிறுத்துவிடுகிறது,
தாளை மிச்சம்பிடிக்க.
எத்தனையோ பிள்ளைகள், எத்தனையோ ஞானத்தாய்மார்.
கெர்கல் என்றொரு குடும்பம் மட்டும்
எந்த ஊரிலும் இல்லை.

பிறகு ஒருநாள் கச்சேரியில், வரிசையில்,
எனக்கு முன்னால் நின்ற குணநாயகம் மாஸ்டர்
குடும்பப் பெயர் என்ற கட்டத்தோடு
மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.
"தம்பி, எங்களுக்கு அப்பன் முன்னால வருவான்.
நான் பின்னாலதான்."

என் படிவம் கையிலேயே நின்றது.
அந்த நாட்டிலும் அப்படித்தான்:
குடும்பம் முன்னே, ஆள் பின்னே.
ஒல்லாந்தக் கணக்கன் கடைசிச் சொல்லைக்
குடும்பம் என்று எழுதிக்கொண்டான்.
ஒருவனைச் சாப்பிடக் கூப்பிடும் பெயரை
இருநூற்றைம்பது வருடம்
குலப்பெயராகச் சுமந்திருக்கிறோம்.

கெர்கெய். லத்தீனில் கிரகோரியுஸ்.
முன்னால் நின்றது தகாச்.
தகாச் என்றால் நெசவாளி.
எல்மோ விழுந்து விழுந்து சிரித்தான்.
எங்களில் ஒருத்தருக்கும்
பொத்தான் தைக்கக்கூடத் தெரியாது.

ஊர் அல்ஷோகூத்.
கூத் என்றால் கிணறாம், கூத்து இல்லை.
அறுபத்தோராம் பக்கம், மேலிருந்து மூன்றாவது வரி:
கிரகோரியுஸ். தாய் கத்தரீனா.
அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

இறந்தோர் ஏட்டையும் திறந்தேன்.
கத்தரீனா, தகாச்சின் விதவை, வயது எழுபது,
ஏறக்குறைய, என்கிறார் பாதிரியார்.
வரி முடிந்த பிறகு, ஓரத்தில்,
இடமில்லாத இடத்தில் நெருக்கிய நான்கு சொல்.
லத்தீன் அகராதியை மூன்று தரம் பார்த்தேன்:
ஒரு மகன். எங்கென்று தெரியாது.

அதை அச்செடுக்க டொக்யார்ட் வீதிக்குப் போனேன்.
கடையில் யோகமலர் அக்கா, அதே படத்தோடு.
மீசை அரும்பாத முகம், பள்ளிக்கூட டை.
அலுவலகம் மாறும்போதெல்லாம்
புது நகல் கேட்கிறார்களாம்.
முகம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெளிறுகிறது.

"இதென்ன பாசை?" என்றார்.
சொன்னேன்.
தாளை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார்.
வாசிக்க முடியாத அந்த நான்கு சொல்லையும்
விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"தெரியாதெண்டு எழுதிக் குடுத்தவையோ?"
ஓம்.
"கையெழுத்தோட?"
கையெழுத்தோட.

பெடியன் இயந்திரத்தின் மூடியைத் தூக்கினான்.
"எத்தினை கொப்பி, அக்கா?"
இரண்டு பேரும் திரும்பினோம்.