இரண்டாம் வேற்றுமை

ஒத்தக்கடைப் பள்ளியில்
ஜன்னலை நிறைத்து யானைமலை கிடக்கிறது.
மின்சாரம் போனால்
யு.பி.எஸ். கத்துவது எனக்கு மட்டும்தான்.
பதினோரு பிள்ளைகளும்
மின்விசிறியை அண்ணாந்து பார்க்கிறார்கள்,
அது களைத்து நிற்கும் வரை.

மென்பொருளுக்கு வாக்கியம் எழுதுவது என் வேலை.
படத்துக்கு நாலு ரூபாய்.
பூனை எலியைத் துரத்தியது.
பூனையை எலி துரத்தியது.
இரண்டாவது படத்தைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்தார்கள்.
ஆனால் இரண்டு வாக்கியத்தையும்
ஒரே படத்தில் கொண்டுபோய் ஒட்டினார்கள்.

கையால் சொல்லும்போது இந்தக் குழப்பம் இல்லை.
கை எந்தப் பக்கம் போகிறதோ
அந்தப் பக்கம் இருப்பவருக்குத்தான் அடி.
தமிழில் அந்தத் திசையை
ஒரு சின்ன ஐ தூக்கிக்கொண்டு அலைகிறது.
அதற்குப் பச்சை நிறம் கொடுத்தேன்.
தொட்டால் துள்ளும்.
இழுத்துப்போய்ச் சொல்லின் வாலில் விட்டால்
தானாகவே கடைசி எழுத்துக்கு முன்னால் போய் நின்றுகொள்ளும்.
காதில் பின்னால் வருவது
தாளில் ஏன் முன்னால் நிற்கிறது என்று கேட்டு
இரண்டாம் வகுப்பில் நான் குட்டு வாங்கியிருக்கிறேன்.
இவர்களுக்கு அதில் ஒரு சண்டையும் இல்லை.

நான்காவது கணினி பேச்சியுடையது.
செல்லம்பட்டிப் பக்கம் ஊர்.
பேர் வைத்த பிறகுதான் தெரிந்ததாம்.
சிம்மக்கல்லுக்கு வந்து
பேச்சியம்மனுக்கு வெள்ளியில் நாக்கு வைத்தார்கள்.
காதுக்கு ஏன் நாக்கு என்று
யாரும் கேட்கவில்லை.

‘மணி ______’ என்று ஒரு கேள்வி.
பக்கத்தில் கோயில் மணியின் படம்.
‘ஆடியது’ என்று போட்டாள்.
திரை சிவந்தது.
மறுபடி ஆடியது. மறுபடி சிவப்பு.
ஐந்தாம் முறை என் பக்கம் திரும்பி
முழங்கையிலிருந்து கையைத் தொங்கவிட்டு
ஆட்டிக் காட்டினாள்,
எனக்குக் கண் தெரியாதோ என்பதுபோல.
அன்று மாலை விடைப்பட்டியலைத் திருத்தினேன்.
அதற்குத் தனியாகக் காசு கிடையாது.

பொங்கல் விடுமுறையில் அவள் வீட்டு டிவி உடைந்தது.
காலண்டர் தாளின் பின்பக்கம்
‘நான் தம்பி தள்ளு’ என்று
எழுதிக் கொடுத்திருக்கிறாள்.
அம்மா படித்தாள், எல்லோரும் படிப்பதுபோல.
முதலில் நிற்பவர்தான் செய்தவர்.
கரண்டிக்காம்பால் இரண்டு.
திரும்பி வந்து எனக்கு நடித்துக் காட்டியபோது
கரண்டியைத்தான் அதிக நேரம் காட்டினாள்.

மாசியில் ஒரு புதன்கிழமை.
மற்றவர்கள் சாப்பாட்டுத் தட்டோடு ஓடிவிட்டார்கள்.
‘விருப்பம்போல் எழுது’ கட்டத்தில்
ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

தம்பி என்னை தள்ளினான்.
நான் தம்பியை தள்ளவில்லை.
டிவி மேல் நான் விழு.

மூன்று இடம் சிவந்தது.
கடைசியை விடுங்கள்.
முதல் இரண்டும் ஒற்று மிகும் இடம், த் வரவேண்டும்.
அந்த விதியை உள்ளே வைத்தவனும் நான்தான்.
அவள் சிவப்பைப் பார்க்கவே இல்லை.
பச்சை ஐ இரண்டையும்
தொட்டுத் தொட்டுத் துள்ளவிட்டாள்.
பிறகு பிரிண்டரைக் காட்டினாள்.

விதியை அணைத்துவிட்டுத்தான் அச்செடுத்தேன்.
மை தீரும் நேரம்; வெளிறித்தான் வந்தது.
நாலாய் மடித்து
ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்கு அடியில் வைத்தாள்.

ஊருக்குப் போக இன்னும் இரண்டு நாள்.