இரண்டாவது கடி

வூச் என்றால் எங்கள் மொழியில் படகு.
இருந்த ஆறுகளையெல்லாம் தரைக்கடியில் தள்ளிவிட்டு
மேலே டிராம் ஓட்டுகிறோம்.
அதில் நான் டிக்கெட் பரிசோதகன், இருபத்திரண்டு வருடமாக.
நான் ஏறினால் பேச்சு நிற்கும்.
எல்லோருக்கும் திடீரென்று
ஜன்னலில் வேலை வந்துவிடும்.

புதன்கிழமை இரவுகளில்
பழைய நூலாலையின் மூன்றாம் மாடிக்குப் போகிறேன்.
சிவப்பு மூக்கு ஒன்று வாங்கினேன், ஒன்பது ஸ்லோட்டி.
வீட்டில் சொல்லவில்லை.
குடிக்கப் போகிறேன் என்று நினைத்து
மனைவி நிம்மதியாக இருக்கிறாள்.

யாக்னாவுக்கு என் மகள் வயதுகூட இருக்காது.
அவள் பாடம் மூன்றே வாக்கியம்:
திரைக்குப் பின்னாலிருந்து வா.
எங்களைப் பார்.
எதையும் கொண்டு வராதே.

நான் கொண்டுபோனேன், கொஞ்சநஞ்சமல்ல.
வழுக்கி விழுவது, தொப்பியைத் தவறவிடுவது,
கதவென்று நினைத்துச் சுவரைத் தட்டுவது,
எல்லாம் குளியலறையில் ஒரு வாரம் ஒத்திகை பார்த்தது.
விழுந்தேன். முழங்கால் சிராய்த்தது.
பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள்,
சாவு வீட்டில் காப்பிக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி.
“நன்றி, போ” என்றாள் யாக்னா. “மறுபடி வா.”

போனேன். வந்தேன். நன்றி, போ.
நான்காம் தடவை திரைக்குப் பின்னால்
தேடிப் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.
எனக்கு முன்னால் ஆடிவிட்டு வந்த கோஸ்மா,
சிமென்ட் லாரி ஓட்டுகிறவன்,
மூலையில் இன்னும் அழுதுகொண்டிருந்தான்,
மூக்கைக் கழற்றாமலே.

வெளியே வந்து நின்றேன்.
சும்மா நிற்பது எவ்வளவு நீளம்!
ரேடியேட்டர் டொக் டொக் என்றது.
ரப்பர் வாசனை. என் மூச்சே எனக்குச் சூடாக.
அப்போது என் வலது கை,
என்னை ஒரு வார்த்தை கேட்காமல்,
தானாக நீண்டது.
உள்ளங்கை மேல்நோக்கி. இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

முதல் வரிசையில் பெலாகியா, பல் ஆஸ்பத்திரி நர்ஸ்.
அவள் முகம் வெளுத்தது.
சட்டென்று கைப்பையைத் திறந்து துழாவினாள்.
சாவி, சீப்பு, பாதி ஆப்பிள்.
நிஜமாகவே துழாவினாள்!
நிஜமாகவே ஒரு டிக்கெட்டை எடுத்து
என் கையில் வைத்தாள்.

போன மாதத்து டிக்கெட்.

டிக்கெட்டைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன்.
எங்களில் யார் மாட்டிக்கொண்டது என்று
இருவருக்கும் தெரியவில்லை.
துளைபோடும் கருவி கையில் இல்லை.
பல்லால் கடித்து ஓர் ஓட்டை போட்டு
மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தேன்.

நாற்காலிகள் கிறீச்சிட்டன.
யாரோ தரையில் சரிந்தார்கள்.
பெலாகியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு
“அந்தப் பல்லைப் பிடுங்கணும், பிடுங்கணும்” என்று
மூச்சுத் திணறிக்கொண்டிருந்தாள்.
ஓர் அறை முழுக்க என்னை நேராகப் பார்த்தது.
விடுவேனா?
அவள் கையிலிருந்து டிக்கெட்டைப் பறித்து
இன்னொரு கடி.

அது வெறும் காகிதம்.
மையின் கசப்பு நாக்கில் தங்கியது.
நான் டிராமில் ஏறியதுபோல
சிரிப்பு நின்றது.
“நன்றி, போ” என்றாள் யாக்னா,
இம்முறை கண்ணைத் துடைத்துக்கொண்டு.

வியாழன் காலை, எட்டாம் எண் டிராம்.
ஓர் ஆள் பாக்கெட் பாக்கெட்டாகத் தேடினான்.
ஒத்திகை பார்த்த தேடல். எனக்கா தெரியாது?
கோட்டு, உள்கோட்டு, பின்பக்கம்,
நெற்றியில் அடித்துக்கொள்வது உட்பட.
கையை நீட்டியபடி நின்றேன்.
உதவவில்லை, அவசரப்படுத்தவுமில்லை.
வளைவில் வண்டி குலுங்கியது.
கடைசிப் பாக்கெட்டின் உள்துணி நாக்குப்போல் வெளியே தொங்க,
அதிலிருந்து ஓர் அக்ரூட் விழுந்து
உருண்டு வந்து
என் ஷூவில் முட்டி நின்றது.

அவன் அதைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.
பிறகு ஒருவரை ஒருவர்.

அபராதம் எழுதினேன், எழுதாமல் என்ன?
இருவர் தோளும் குலுங்கியதில்
கையெழுத்துதான் கோணிப்போயிற்று.
அடங்குமுன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன்.
இரண்டாவது பெட்டியை இன்னும் பார்த்திருக்கவே இல்லை.