மடங்காதது ஒன்று

செவ்வாய்ப்பேட்டையில் குத்புதீன் பாய் கடை.
கண்ணாடிப் பெட்டிமேல் கத்தியை வைத்துவிட்டுக்
கையை எடுத்துக்கொள்கிறார்.
கையில் கொடுத்தால் பகையாம்.
விற்கிறவருக்கும் வாங்குகிறவளுக்கும்
இப்போதைக்கு இருநூறு ரூபாய்தான் பகை.

“எதுக்கும்மா?”
நாற்றுப்பண்ணைக்கு என்கிறேன். பொய்யில்லை.
மிளகுக் கொடி, சணல், உரமூட்டைத் தையல்,
சொட்டுநீர்க் குழாய்,
மதியம் ஒரு பட்டர் ஃப்ரூட்.
நாளைக்கு நாற்பது தடவை
இடுப்புக்குப் போய் வரும் கை.

ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, மடக்குவது.
போன தையில் இதே கடையில் வாங்கியது.
அடிவாரச் சோதனைச்சாவடியில் பையைக் கிளறிய காவலர்
சாவிக்கொத்து என்று நினைத்துத் திருப்பித் தந்தார்.
அதற்காகவே எனக்கு அதைப் பிடித்தது.
பொம்பளை கையில் கத்தி என்றால்
ஊர் உடனே ஒரு கதை கேட்கும்.
மடக்கினால் கதையும் மடங்கிக்கொள்ளும்.

பாய் மூன்றை எடுத்து வைக்கிறார்.

முதலாவது பளபளப்பு. துருவே ஏறாது, சத்தியம்.
நம்ம ஊர் உருக்காலைத் தகடு என்கிறார்.
எங்கள் வீட்டு டம்ளரும் அதே தகடுதான்.
நகத்தின்மேல் வைத்துப் பார்க்கிறேன்.
கடிக்காமல் வழுக்குகிறது.

இரண்டாவதற்கு ஈட்டிமரப் பிடி.
காதருகே வைத்துத் தட்டினால்
உள்ளே ஏதோ கடகடக்கிறது.
இரும்பு பாதியில் நின்றுவிட்டது, மீதி பசை.
விருந்தாளிக்கு ஆப்பிள் நறுக்கலாம்.

மூன்றாவது லாரிப் பட்டை.
எந்த லாரியோ, மேட்டூர் ரோட்டில்
எத்தனை குழி வாங்கியதோ,
வளைந்து வளைந்து நிமிரப் பழகிய இரும்பு.
கறுப்பு. அலகு ஒரு சாண்கூட இல்லை.
பிடியின் கடைசிவரை உடம்பு ஓடுகிறது,
மூன்று ஆணி, ஓரத்தில் இரும்பு கண்ணுக்குத் தெரிகிறது.
மலைப்பனியில் ஒரு ராத்திரி மறந்தால்
செம்மண் பூசிக்கொள்ளும்.
துடைக்க வேண்டும், தேங்காயெண்ணெய் காட்ட வேண்டும்.
காட்டிக்கொள்கிறேன்.

பாயிடம் சொல்லாதது:

ஆடி மாதம், பதினான்காவது வளைவு.
வண்டி நான் ஓட்டினேன். பின்னால் அஞ்சுகம்.
பின்சக்கரத்தில் அவள் துப்பட்டா.
கத்தவில்லை. பாரம் பின்னுக்குச் சாய்ந்ததுதான் தெரிந்தது.
நிறுத்தித் திரும்பினால்
சக்கரம் விழுங்கியது போக மீதித் துணி
கழுத்தில் நீலமாக இறுகியிருந்தது.
முகமும் மெல்ல அந்த நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

மடக்குக்கத்தி திறக்கவில்லை.
முந்தின நாள் பலாப்பால் மூட்டில் உறைந்திருந்தது.
நகம் வைக்கும் பள்ளத்தில் நகம் உடைந்தது.
பல்லால் இழுத்தேன்.
நல்ல பூட்டு, நல்ல தகடு,
எல்லா நல்லதும் உள்ளேயே இருந்தது.

வளைவில் பலாச்சுளை விற்கும் வெள்ளச்சி
கூடையைத் தாண்டி வந்தாள்.
கீழே வைக்கவில்லை.
என் உள்ளங்கையில் பிடியை அறைந்தாள்.
சைக்கிள் டியூப் சுற்றிய பிடி,
பால் ஒட்டாதிருக்க எண்ணெய் தடவிய அலகு.
துணிக்கும் தொண்டைக்கும் நடுவே என் விரல்,
விரல்மேல் கத்தி முதுகு, வெட்டுவாய் வெளிப்பக்கம்.
ஒரே இழுப்பு.

அஞ்சுகம் இருமினாள். இருமிக்கொண்டே,
“புதுத் துப்பட்டாடி” என்றாள்.

மூன்றாவதையே கொடுங்க பாய்.
தோல் உறை வேண்டாம், தோல் ஈரம் குடிக்கும்.
பிவிசி குழாயைச் சூடுகாட்டி
நானே ஒன்று செய்துகொள்வேன்.

பழையதை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டிருந்தேன்.
இப்போது கட்டைவிரல் தொட்டாலே திறக்கிறது.
அதுவும் இருக்கட்டும்,
சோதனைச்சாவடிக்கு.

கையோடு கை வாங்கிய பகை பலித்துவிட்டது.
ஞாயிறுதோறும் வண்டியை நிறுத்துகிறேன்.
பத்துச் சுளை ஐம்பது என்கிறாள் வெள்ளச்சி.
நாற்பதுக்கு மேல் பைசா கிடையாது என்று
இடுப்பில் கைவைத்து நிற்கிறேன்.
அதற்குள் அஞ்சுகம்
மூன்றாவது சுளையின் கொட்டையை
பள்ளத்தாக்குப் பக்கம் துப்பியிருப்பாள்.