நீல வாளி

போஸ்னானுக்கு வெளியே, பனி சேறாகும் பிப்ரவரி.
நாற்பது அடைப்பு. அடைப்புக்குப் பதினைந்து குஞ்சு.
ஐந்து நிறத்தில் தீவன வாளிகள்.
எதில் எது கலந்திருக்கிறது என்பது
பேராசிரியர் கொர்னேலியாவின்
பூட்டிய இழுப்பறைக்கு மட்டும் தெரியும்.
எனக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால்
தராசில் என் கை சாயுமாம்.

மூக்கை எந்த இழுப்பறையில் பூட்டுவது?
நீலத்தைத் திறந்தால் ஓரிகானோ எண்ணெய்.
சிவப்பில், வெண்ணெயை யாரோ
வெயிலில் மறந்துவிட்டுப் போன நாற்றம்:
பியூட்ரிக் அமிலம், சந்தேகமே இல்லை.
மற்ற மூன்றும் வெறும் சோளம், சோயா.
ஒன்றில் நல்ல நுண்ணுயிர் உறங்கலாம்,
ஒன்றில் பழைய ஆன்டிபயாட்டிக்,
ஒன்றில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

பேருந்தில் பக்கத்து இருக்கைப் பையன்
"பீட்சாவா?" என்றான், என் பையைப் பார்த்து.
கையுறையைத் தாண்டி விரலில் ஏறிய வாசம்.
ஆமாம் என்றேன்.

நீலத்துக்குத்தான் என் ஓட்டு.
அங்கே மரத்தூள் உலர்ந்திருந்தது,
குஞ்சுகள் என் காலணிக் கயிற்றைக் கொத்தின.
பச்சை அடைப்புகளில் இரண்டாம் வாரம்
கழுத்தை உள்ளிழுத்து நின்றன,
எச்சத்தில் ஆரஞ்சு நிறச் சளி.
அவற்றின் முன் கூடுதலாகக் கொஞ்ச நேரம் குந்தியிருந்தேன்.
குறிப்பேட்டில் அதற்குக் கட்டமில்லை.
வெள்ளையைப் பற்றி நான் எழுதியது இரண்டே வரி:
தின்றன. தூங்கின.

இருபத்தோராம் நாள்.
குடல் நலமா என்று கேட்க ஒரு வழிதான் உண்டு;
கேட்கப்பட்ட கோழி
பதில் வருமுன் போய்விடுகிறது.
அடைப்புக்கு ஒன்று. நாற்பது முறை கேட்டேன்.
ஒன்றரை மீட்டர் குடலை ஈரத்துணியில் நீட்டி
விரலகலம் நறுக்கி ஃபார்மலினில் இட்டேன்.
இன்னும் சூடாக இருந்தது.

நுண்ணோக்கிக்குக் கீழே குடலுறிஞ்சிகள்,
ஒருமுறையும் துவைக்காத புதுத் துண்டின் இழைகள்.
பச்சையில் ஆடு மேய்ந்த புல்.
ஒவ்வொன்றாக உயரம் அளந்தேன்,
ஆயிரத்து இருநூறு. கழுத்து வலித்தது.

இழுப்பறை திறந்தது.
பச்சை: எதுவும் சேர்க்காதது.
மஞ்சள்: ஆன்டிபயாட்டிக். எடையில் அதுதான் முதல்.
எட்டே கிராம் பின்னால், என் இரண்டு வரி வெள்ளை,
நுண்ணுயிர்.
நீலம் நான்காவது.

வ்ஜெஷ்னியாவிலிருந்து பண்ணைக்காரர் ஒருவர் அழைத்தார்:
"போடலாமா, வேண்டாமா? ஒரே சொல்லில்."
"உங்கள் கொட்டகையில் தரை ஈரமா?" என்று
கொர்னேலியா கேட்டதும் வைத்துவிட்டார்.

கீழ்வீட்டுக் கஸ்பெர்
முழங்கால் அறுவைக்குப் பின் மூன்றாவது மருந்தில் இருக்கிறான்.
முதல் இரண்டையும் அவன் கிருமி
தின்று ஏப்பம் விட்டது.
இன்னும் எத்தனை வாளி மிச்சம் என்று
மருத்துவர் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.
ரொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு மேலேறினேன்.

அடுத்த தொகுதி திங்களன்று வந்தது.
புது நிறங்கள். எனக்கு மட்டும்
இரட்டை அடுக்கு முகக்கவசம்.
ஒழுங்காக அழுத்திப் போட்டுக்கொண்டு
முதல் வாளியைத் திறந்தேன்.
வாசமே இல்லை.

கண் எரிந்தது.
இந்த முறை ஊதா.