சூரியன் மறைந்து அரை மணி

இரண்டாம் மாடி முழுக்க உறங்கும் மூன்று மணிக்கு
மருந்து வண்டியின் மேல் கையேட்டை விரித்துவைப்பேன்.
பன்னிரண்டாம் அறை மணி அடித்தால்
பக்கத்தின் முனையை மடித்துவிட்டு ஓடுவேன்.
இப்படியே ‘வளைவுகள்’ என்ற பகுதியை
நாலு தரம் தொடக்கத்திலிருந்து படித்தேன்.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை.
எங்கே போக வேண்டுமோ அங்கே பார்.
குழியைப் பார்த்தால்
குழிக்குள்தான் போவாய்.

இதை எழுதியவர்
எங்கள் வீட்டுக்கு எப்போதாவது வந்திருப்பாரோ
என்று யோசித்தேன்.

காலையில் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டே
அபிஷ்னா கேள்வி கேட்பாள்.
“மழையில ரோட்டு எப்ப கூட வழுக்கும்?”
“கொட்டுற நேரம்.”
“பிழை அம்மா. முதல் பத்து நிமிஷம்.”
காய்ந்து கிடந்த எண்ணெய் அப்போதுதான் மேலெழும்புமாம்,
விடாமல் பெய்தால் கழுவுண்டு போய்விடுமாம்.
பகீரதன் தேத்தண்ணியை ஆற்றியபடி
யன்னலைப் பார்த்தார்.
பதினெட்டு வருஷம்.
எங்களுக்கும் அந்த முதல் பத்து நிமிஷம்தான்.

அவருடைய கேள்வி கையேட்டில் இல்லை:
“நாப்பத்திமூண்டு வயசில உனக்கேன் இது?”
நாலு விடைகளில் ஒன்றுக்குப் புள்ளடி இட முடியாத கேள்வி.
மார்க்கம் வீதியில், ஜனவரி இரவில்,
வராத பஸ்ஸுக்கு நின்றதைச் சொல்லலாம்.
ஜனவரியில் மோட்டார் சைக்கிள் ஓடேலாது என்பார்.
சரிதான்.

மே மாதம், இருபதுக்குப் பதினெட்டு.
அறிவுச் சோதனை என்று அதற்குப் பெயர்.
என் அறிவைப் பற்றிப் பலர் பல காலமாக
அபிப்பிராயம் சொல்லியிருக்கிறார்கள்;
ஒரு கணினி வாழ்த்தியது இதுவே முதல் தடவை.

தொண்ணூறு நாள் லைசென்ஸ்.
பின்னால் ஆளை ஏற்றக் கூடாது.
ஒரு சொட்டுக் குடிக்கக் கூடாது.
சூரியன் மறைந்து அரை மணிக்குப் பிறகு
ஓடவே கூடாது.
நூறு தடவை மனப்பாடம் செய்த விதி.
பழைய ஹோண்டாவுக்குக் காசு கொடுத்த பிறகுதான்
நினைவு வந்தது:
என் வேலை தொடங்குவது இரவு பதினொன்றுக்கு.

மரிசெல் சிரித்த சிரிப்பில்
பன்னிரண்டாம் அறை விழித்துக்கொண்டது.

ஆகவே எட்டரைக்கே வெளிக்கிடுகிறேன்.
முழங்கை மூடிய ஜக்கெட், கணுக்கால் மூடிய சப்பாத்து,
ஜூலைப் புழுக்கத்தில் கழுத்து வழியே வியர்வை.
பாதையின் நடுவில் கார்கள் சொட்டிய கறுப்புக் கோடு;
அதை விட்டு இடப்பக்கச் சக்கரத் தடத்தில் போகிறேன்.
முன்னால் போகும் லொறி விளக்குக் கம்பத்தைக் கடந்ததும்
ஹெல்மெட்டுக்குள் எண்ணுகிறேன்:
ஆயிரத்தொன்று,
ஆயிரத்திரண்டு.

வியாழக்கிழமை ஃபின்ச் சந்தியில்
இடப்பக்கம் திரும்ப நின்ற வான்காரன்
என் கண்ணுக்குள் நேராகப் பார்த்தான்.
பார்த்துவிட்டுத் திருப்பினான்.
பார்ப்பது வேறு, காண்பது வேறு என்று
கையேட்டில் இருந்த வரிக்கு அபிஷ்னா கேள்வி கேட்டதில்லை.
ஆனால் என் இரண்டு விரல்களும் ஏற்கெனவே பிரேக்கின் மேல் இருந்தன.
நின்றேன்.
அவன் கை உயர்த்தி மன்னிப்புக் கேட்டான்.
கால்கள் நடுங்குவது
பச்சை விளக்கு இரண்டு தரம் மாறிய பிறகுதான் தெரிந்தது.

இதை வீட்டில் சொல்லவில்லை.

ஒன்பதுக்கு வாகனத் தரிப்பிடம்.
சீமெந்து விளிம்பில் குந்தியிருக்கிறேன்,
மடியில் ஹெல்மெட்.
சூடாறும் என்ஜின் டிக், டிக் என்கிறது.
வீட்டுக் கணக்கில் நான் வேலையில்.
வேலைக் கணக்கில் இன்னும் வரவில்லை.
இரண்டு மணி நேரம்
எந்தப் பதிவிலும் நான் இல்லை.
ஒரு நாள் சோளம் வாங்கி வந்து சாப்பிட்டேன்.
ஒரு நாள் சும்மா அழுதேன், காரணம் இல்லாமல்.
அநேகமாக ஒன்றும் செய்வதில்லை.

நாளைக்குச் சூரியன்
இன்றையைவிட ஒரு நிமிஷம் முந்தி மறையும்.
நானும் ஒரு நிமிஷம் முந்தி
வெளிக்கிட வேண்டும்.